திதியன்று தின்ற மீன்

1

செப்டம்பர் பத்தாம் தேதி காலை ஆறு மணிக்கு பிராங்பேர்ட்டில் இருந்து மகள் போன் எடுத்தாள். நலம் விசாரிக்கவில்லை, காலை வணக்கமும் இல்லை.

"அப்பா, இண்டைக்கு மச்சம் சாப்பிட்டிடாதேங்கோ."

"ஓம் பிள்ளை."

வைத்துவிட்டாள்.

அறுபத்து மூன்று வயது மனிதனுக்கு, மனைவியின் திவசத்தன்று மீன் தின்னக்கூடாது என்று தெரியாதா என்று ஊரில் இருந்து வாசிக்கிற நீங்கள் கேட்பீர்கள். தெரியும். மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்று வைத்திருந்த யாழ்ப்பாணத்து வீட்டில்தான் நானும் பிறந்தேன். ஆனாலும் அவள் எச்சரித்ததில் நியாயம் இருக்கிறது. மூன்று கிழமைக்கு முன் நான் ஆடிய கூத்து அப்படி. அதைச் சொல்வதென்றால் முதலில் ஒரு பறவைக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

நான் இருப்பது லைப்சிக்கில். அதற்கு முன் ஸ்டுட்கார்ட்டில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தோம். அங்கே எங்கள் ஆட்கள் நிறைய. ஒரு பிறந்தநாளுக்குச் சொல்லாமல் விட்டால் மூன்று குடும்பம் முகத்தைத் திருப்பும். பிறகு என் மனைவி சுகந்திக்கு லைப்சிக்குக்கு வெளியே ஒரு சிற்றூரில், முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. மகள் ஆரணி அப்போது படிக்கப் போய்விட்டாள். இரண்டு பேர்தானே, எங்கே இருந்தால் என்ன என்று வந்துவிட்டோம். இங்கே தெருவில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் எனக்கு நெஞ்சு துள்ளும். நின்று கதை கொடுப்பேன். அது பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்து மேல்படிப்புக்கு வந்த பிள்ளையாக இருக்கும். "ஸாரி அங்கிள், கிளாஸுக்கு லேட்" என்று ட்ராமில் ஏறிவிடும்.

சுகந்தி வேலைக்குப் போன ஊரில் ரயில்நிலையத்துக்குப் பின்னால் வயல். வயலுக்கு நடுவே மின்சாரம் போகும் பெரிய இரும்புக் கோபுரங்கள். அதில் ஒன்றின் உச்சியில் கூடு இருப்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, கரண்ட் கோபுரத்தில ஒரு பெரிய பருந்து கூடு கட்டியிருக்கு. மூண்டு குஞ்சு. ஒருநாள் வாங்கோ, காட்டுறன்."

"வாற ஞாயிறு பாப்பம்" என்றேன்.

எனக்கு அப்போது பேக்கரியில் அதிகாலை வேலை. ஞாயிறு வந்தால் படுக்கையை விட்டு எழும்ப மனம் வராது. வாற ஞாயிறு, வாற ஞாயிறு என்று மூன்று கோடைகள் போயின. நாலாவது கோடையில் அவள் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாள். செப்டம்பர் பத்தாம் தேதி போய்விட்டாள். கோபுரம் எங்கள் வீட்டில் இருந்து ரயிலில் வெறும் நாற்பது நிமிடம்.

நான் அதைப் பார்த்தது ஒன்றரை வருடம் கழித்து, இந்த வருடம் ஏப்ரலில். அதுவும் பார்க்க வேண்டும் என்று போகவில்லை. சுகந்தியின் கோப்பில் ஒரு வேலைச் சான்றிதழ் குறைகிறது என்று ஓர் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. இந்த நாட்டில் ஆள் இறந்தாலும் கோப்பு இறக்காது. முதியோர் இல்லத்துக்குப் போய்த் தாளை வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு நிமிடத்தில் ரயிலை விட்டுவிட்டேன். அடுத்தது ஒரு மணித்தியாலம் கழித்து. சும்மா நிலையத்துக்குப் பின்பக்கம் நடந்தேன்.

வயல்பாதை ஓரத்தில் உட்கார ஒரு வாங்கு. அதில் ஒரு ஜெர்மன் அம்மா, எழுபது வயதிருக்கும், மூன்று காலில் நிறுத்திய தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி இருந்தார். பெயர் திருமதி கிரவுஸ. முப்பது வருடம் தபால் விநியோகித்தவர். இப்போது கூட்டுக்குக் காவல். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எழுந்து இடம் விட்டார். பார்த்தேன். வெள்ளைத் தலை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, மஞ்சள் கண். அந்தக் கண் நேரே என்னையே முறைத்தது. இவ்வளவு காலமும் எங்கே போயிருந்தாய் என்று கேட்ட மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. திருமதி கிரவுஸ வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3

மகளுக்கும் எனக்கும் இடையில் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும்.

செத்த தேதியில் நாங்கள் திவசம் செய்வதில்லை. அந்த மாதத்தில் அதே திதி வருகிற நாளில்தான் செய்வோம். இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எனக்கும் யாரும் விளக்கவில்லை, வீட்டில் நடப்பதைப் பார்த்து வந்த அறிவு. ஆரணிக்கும் அது தானாக வந்திருக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. அவள் பார்க்க எங்கள் வீட்டில் ஒரு திவசமும் நடந்ததில்லை. என் அப்பா அம்மாவுக்கு ஊரில் தம்பி செய்வான். நான் போனில் "ஓம், ஓம், நல்லாச் செய்" என்று சொல்வதோடு சரி.

போன வருடம் சுகந்தியின் ஆட்டைத் திவசம், முதல் வருடத்தது. திதி ஆகஸ்ட் முப்பதில் விழுந்தது. மகள் ஒன்றும் கேட்கவில்லை. தாயின் திவசம் தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாளே, அவ்வளவு பெரிய உத்தியோகமா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, பேர்லினில் இருந்து ஐயரைக் கூப்பிட்டுத் தனியாகச் செய்து முடித்தேன். வாயைத் திறந்து ஒரு சொல் கேட்டிருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு இல்லை.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி பின்னேரம் அவள் பெட்டியோடு வந்து நின்றாள். வேலையில் மூன்று நாள் லீவு, உர்லாப், எடுத்திருந்தாள். கையில் வெள்ளைப் பூக்கள்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு ஐயர் வாறார் அப்பா?"

"எதுக்கு?"

"அம்மான்ர திவசத்துக்கு."

"அது போன மாசம் முடிஞ்சுது பிள்ளை."

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "அம்மா செத்தது பத்தாம் தேதி. நான்தான் கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான். எனக்குத் தெரியாதா?"

"அது வெள்ளைக்காரன்ர கணக்கு. எங்கட கணக்கு வேற."

"எங்கட எண்டால் ஆர்?"

மரணச் சான்றிதழ் தொடக்கம் எல்லா அன்ட்ராக் படிவங்களிலும் பத்தாம் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அவள் பூக்களை ஒரு ஜாம் போத்தலில் வைத்து அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். அடுத்தநாள் காலை ரயிலுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு போன். சாப்பிட்டீங்களா? ஓம். பிரஷர்க் குளிசை போட்டீங்களா? ஓம். சரி அப்பா. அவ்வளவும் இரண்டு நிமிடத்தில் முடியும்.

4

முதுகு நோவால் பேக்கரி வேலையை விட்டிருந்தேன். நாளுக்கு இருபத்துநாலு மணித்தியாலம் என்பது வேலை இல்லாதவனுக்குத்தான் உண்மையில் தெரியும். கிழமையில் மூன்று நாள் கூட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

தமிழில் இதற்கு விராலடிப்பான் என்று பெயராம். புத்தகத்தில் பார்த்தேன். மாரிகாலத்தில் எங்கள் கடல்நீரேரிக்கும் இவை வருமாம். ஊரில் நான் கண்டிருந்தால் பருந்து என்றுதான் சொல்லியிருப்பேன். இவையும் அங்கேதான் போகுமோ என்று ஆசையோடு கேட்டேன். திருமதி கிரவுஸ தலையை ஆட்டினார். "இல்லை, ஆப்பிரிக்கா. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போகும். குடும்பமாகப் போவதில்லை." எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மே மாதம் முழுக்கத் தாய் முட்டையில் இருந்தது. தகப்பன் மீன் கொண்டுவருவார். (அவர் என்றுதான் எனக்கு வாய்க்கு வருகிறது.) தலையைத் தான் தின்றுவிட்டு மிச்சத்தைக் கொண்டுவருவது அவருடைய வழக்கம். எங்கள் வீடுகளிலும் மீன்தலை தகப்பனுக்குத்தானே என்று திருமதி கிரவுஸவிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

ஜூன் தொடக்கத்தில் மூன்று குஞ்சுகள். தாய் மீனைக் கிழித்துக் கிழித்து, தலையைச் சரித்து, ஒவ்வொரு வாய்க்கும் அளவாகக் கொடுக்கும். பிறகு ஐந்து நாள் விடாத குளிர்மழை. தாய் சிறகை விரித்து அப்படியே நனைந்துகொண்டு இருந்தது. மழை விட்ட பிறகு இரண்டு தலைதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்தேன். அந்த ஞாயிறு ஆரணி போன் எடுத்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டபோது, "கடைசிக் குஞ்சு செத்துப் போச்சு" என்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"என்ன குஞ்சு அப்பா?"

சொன்னேன். அம்மா சொன்ன கூடு என்றும் சொன்னேன். அன்றைக்கு முப்பது நிமிடம் கதைத்தோம்.

அதன் பிறகு ஞாயிறு என்றால் எங்களுக்குக் கூட்டுக் கதைதான். ஜூலை தொடக்கத்தில் ஆட்கள் கோபுரத்தில் ஏறி, குஞ்சுகளைப் பையில் இறக்கி, காலில் இலக்கம் போட்ட வளையம் பூட்டி, திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். "பிறந்து அஞ்சு கிழமையில இலக்கம் குடுத்திட்டாங்கள் பிள்ளை. எனக்கு இந்த நாட்டில ஒரு தாள் கிடைக்க ஆறு வருஷம்" என்றேன். போனில் அவள் சிரித்த சத்தம் கேட்டது. திருமதி கிரவுஸவின் தொலைநோக்கியில் என் போனை ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்து அனுப்புவேன். பாதிப் படத்தில் என் பெருவிரல். "விரல் நல்லா வளர்ந்திருக்கு" என்று பதில் போடுவாள்.

இந்த வருடம் திதி ஆகஸ்ட் நடுவிலேயே விழுந்தது. நான் ஒரு முடிவு எடுத்தேன். பேர்லின் ஐயருக்குப் போன் பண்ணினேன்.

"ஐயா, இந்த முறை செப்டம்பர் பத்திலதான் செய்யப்போறன்."

"அண்டைக்குத் திதி இல்லையே. திதியில செய்தால்தான் அவவுக்குப் போய்ச் சேரும்."

"என்ர மகள் வந்து சேரவேணும் ஐயா."

"அப்ப நான் வரேல்ல. நீங்களே படைச்சுக் கும்பிடுங்கோ" என்றார். சரி என்றேன்.

இதை மகளிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் நாக்கு நுனி வரை வரும். குஞ்சு பறந்த கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அவள் கேட்கட்டும் என்று நான் இருந்தேன். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, அவளும் கேட்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு.

5

ஆகஸ்ட் பத்துக்கு முன்னாலேயே தாய்ப்பறவை போய்விட்டது. ஒரு நாள் இருந்தது, அடுத்தநாள் இல்லை. பிள்ளைகள் இன்னும் சொந்தமாக மீன் பிடிக்கப் பழகவில்லை. "தாய்தான் முதலில் போகும். மிச்சத்தைத் தகப்பன் பார்ப்பார்" என்றார் திருமதி கிரவுஸ. அந்த ஞாயிறு ஆரணியிடம் இதை மட்டும் நான் சொல்லவில்லை.

திதி நாள் வந்தது. இந்த முறை இன்றைக்கு ஒன்றும் இல்லை, பத்தாம் தேதிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் இருந்தால் படத்தைப் பார்க்க வேண்டிவரும் என்று கூட்டுக்குக் கிளம்பினேன். போகிற வழியில் ரயில்நிலையக் கடையில் மீன் வைத்த பாண் ஒன்று வாங்கினேன். இரண்டு குஞ்சில் ஒன்று முதல்நாள் போய்விட்டிருந்தது. மற்றது கூட்டு விளிம்பில் நின்று பசியில் கத்திக்கொண்டிருந்தது. வாங்கில் இருந்து பாணைக் கடித்தேன். போன் அடித்தது.

"அப்பா, கதவைத் திறவுங்கோ. பெல் அடிச்சு அடிச்சுக் கை நோகுது."

"எந்தக் கதவை?"

"உங்கட வீட்டுக் கதவை. லைப்சிக்கில நிக்கிறன்."

வாயில் இருந்த மீனை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "ஏன் பிள்ளை, இண்டைக்கு?"

"என்ன ஏன்? இண்டைக்குத்தானே அம்மான்ர திதி. பஞ்சாங்கத்தில பாத்தனான். ஸ்டுட்கார்ட் மாமியிட்டையும் கேட்டனான். விடியத் தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்ல, விரதம். நீங்கள் எங்க?"

"கூட்டடியில."

"திதியண்டைக்கோ? சரி. அங்கயே நில்லுங்கோ, நான் வாறன்."

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வயல்பாதையில் அவள் வருவது தெரிந்தது. இரண்டு கையிலும் பைகள். ஒன்றில் பூசணிக்காயும் வாழைக்காயும். மற்றதில் இருந்து சுருட்டிய வாழையிலை எட்டிப் பார்த்தது. பிராங்பேர்ட் தமிழ்க்கடையில் வாங்கி, மூன்று மணித்தியாலம் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

"சமைச்சிட்டீங்களா?"

"இல்லை."

"ஐயர்?"

"இந்த வருஷம் பத்தாம் தேதி செய்யிறதெண்டு இருக்கிறன். உன்ர தேதியில. நீ வருவாய் எண்டு."

பைகளைப் புல்லில் வைத்தாள். "பத்தாம் தேதி எனக்கு வர ஏலாது அப்பா. புது வேலை, ஆறு மாதம் பரிசோதனைக் காலம். இந்த ஒரு நாளே கெஞ்சி எடுத்தது."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் போன வருஷம் சொன்னனீங்களா?"

இருவரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள். "மீசையில என்ன?"

"மயோனைஸ்."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "மீன்" என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. தோளில் கையை வைத்தேன். தட்டிவிடவில்லை. திருமதி கிரவுஸ எழுந்து, என்னிடம் அன்றைக்குச் செய்ததுபோலவே, தொலைநோக்கியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.

அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"தாய் எங்க?"

"அவ போயிட்டா. பத்து நாளாச்சு."

"அப்ப ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

"தகப்பன்."

"அவருக்கு அதெல்லாம் தெரியுமா?" கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"பழகீட்டார்" என்றேன்.

அப்போது அவர் வந்தார். காலில் பெரிய மீன். வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். குஞ்சு இரண்டு சிறகாலும் மீனை மூடிக்கொண்டு, திரும்பியும் பாராமல் தின்றது. ஆரணி தொலைநோக்கியில் இருந்து தலையை எடுத்தாள். அம்மா இங்கே எங்கே நின்று பார்ப்பாள் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்து மணி ரயிலைப் பிடித்தால்தான் அவள் பிராங்பேர்ட் போய்ச் சேரலாம். மறுநாள் காலை அலுவலகத்தில் டெர்மின், ஒரு கூட்டம். வீட்டுக்குப் போய்ச் சமைத்துப் படைத்துத் திரும்ப நேரம் இல்லை. லைப்சிக் நிலையத்தில், ரயில் கதவடியில் பைகளை என் கையில் தந்தாள்.

"வாழைக்காயை வெட்டி, இலையோட பிரீசரில வையுங்கோ, பத்தாம் தேதிக்கு. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் முதலே கதைப்பம்."

"ஓம் பிள்ளை."

ரயில் போன பிறகுதான் உறைத்தது. அம்மாவுக்காக விரதம் இருந்து வந்த பிள்ளை அன்று முழுக்கச் சாப்பிட்டது திருமதி கிரவுஸ கொடுத்த ஒரு ஆப்பிள். நான் மீனும் தின்றுவிட்டு, என் பிள்ளையை வெறும் வயிற்றோடு ரயிலேற்றிவிட்டேன். நிலைய வாங்கில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

6

பத்தாம் தேதி, அவள் போன் வைத்ததும் குளித்துச் சமைக்கத் தொடங்கினேன். பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, சொதி, பாயசம். பிரீசரில் இருந்த இலை ஓரத்தில் கறுத்துவிட்டது. பரவாயில்லை என்று படத்துக்கு முன்னால் விரித்துப் படைத்தேன். மந்திரம் தெரியாது. "சுகந்தி, இது ஆரணி கொண்டுவந்த வாழைக்காய்" என்று மட்டும் சொன்னேன். காகத்துக்குப் பல்கனியில் சோறு வைத்தேன். வெகுநேரம் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. சாப்பிட மனம் வராமல் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு ரயில் ஏறினேன்.

வாங்கில் யாரும் இல்லை. கடைசிக் குஞ்சும் போய்ப் பத்து நாளுக்கு மேலாகிவிட்டதால் திருமதி கிரவுஸ தொலைநோக்கியை மடித்துக்கொண்டு போய்விட்டிருந்தார். இனி ஏப்ரலில்தான் வருவார். வெறும் கண்ணுக்குக் கூடு ஒரு சுள்ளிக் குவியலாகத் தெரிந்தது. சரி, திரும்புவோம் என்று நினைத்தபோது, வயலுக்கு மேலால் அவர் வந்தார். இன்னும் போகவில்லை. காலில் மீன்.

கூட்டில் இறங்கினார். இரண்டு தரம் கூப்பிட்டார். ஒரு பக்கம் பார்த்தார், மற்றப் பக்கம் பார்த்தார். காலுக்குள் மீனை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு குனிந்து, மெல்லத் தின்னத் தொடங்கினார்.

படம் எடுத்து ஆரணிக்கு அனுப்பினேன். அலுவலகத்தில் இருந்தும் உடனே பதில் வந்தது.

"அவர் இன்னும் போகேல்லையா?"

"இல்லை."

"நீங்கள் சாப்பிட்டீங்களா?"

"இனித்தான்."

"என்ன சமைச்சனீங்கள்?"

ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். மூன்று பேருக்குச் சமைத்திருந்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை.